பட்டனை அழுத்தினால் எல்இடி எரியவில்லையா? ராஸ்பெரி பையில் பழுது தேடும் முழு வழிகாட்டி

சேலத்துக்குப் பக்கத்து இளம்பிள்ளையில் என் அக்கா வீட்டுக்காரருக்கு எட்டுத் தறி ஓடும் பட்டறை. எட்டும் சேர்ந்து ஓடும்போது காதில் வாய் வைத்துச் சொன்னால்தான் பேச்சு கேட்கும். கடைசித் தறியில் பாவு அறுந்தால் மேஸ்திரியைக் கூப்பிட ஆள் நடந்தே வர வேண்டும். பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகள் இதற்கு ஒரு வழி செய்தாள். கடைசித் தறிக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டன், மேஸ்திரி மேசையில் ஒரு எல்இடி, அதை அணைக்க மேசையிலேயே கறுப்புப் பட்டன். நடுவில் ஒரு ராஸ்பெரி பை 4, உள்ளங்கை அளவுக் குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு. வீட்டில் அழகாக வேலை செய்தது. பட்டறைக்குக் கொண்டுபோய் மறுபடி வயரைச் சொருகியதும் போன் வந்தது.

"மாமா, லைட்டு அணையவே மாட்டேங்குது. ரெண்டு பட்டனும் வேலை செய்யல. புரோகிராம மூணு தடவ மாத்தி எழுதிட்டேன்."

"புரோகிராமத் தொடாத கண்ணு. ஞாயித்துக்கெழம வரேன்."

அன்று பட்டறையில் மூன்று பழுது கண்டுபிடித்தோம். மூன்றில் ஒன்றுகூட புரோகிராமில் இல்லை. இந்த வேலை பழகும் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் நாளைத் தொலைக்கிறார்கள். திரையில் தெரிவது புரோகிராம் மட்டும் என்பதால் அதையே திருத்திக்கொண்டிருக்கிறார்கள். புரோகிராம் இல்லாமலே எல்இடி எரிய வேண்டும், புரோகிராம் இல்லாமலே பட்டன் படிக்கப்பட வேண்டும். இந்த இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகுதான் எடிட்டரைத் திறக்க வேண்டும். கீழே சொல்லும் வரிசை முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது.

தேவையானவை: பஸ்ஸர் சத்தம் கொடுக்கும் சாதாரண மல்டிமீட்டர், நல்லதென்று தெரிந்த ஒரு சிவப்பு எல்இடி, ஒரு 330 ஓம் ரெசிஸ்டர், நாலைந்து புது ஜம்பர் வயர், பேனா, தாள். மல்டிமீட்டர் இல்லாமலும் பாதி தூரம் போகலாம். ஆனால் இந்த வேலையில் இறங்குகிறவர் முதலில் வாங்க வேண்டிய பொருள் அதுதான்.

சுற்று எப்படி இருக்க வேண்டும்

யுஎஸ்பி துளைகள் உங்களைப் பார்த்திருக்க, 40 பின்களும் வலது ஓரத்தில் வரும்படி போர்டை வையுங்கள். இடது வரிசை ஒற்றைப்படை எண்கள், வலது வரிசை இரட்டைப்படை. மேலே இடது மூலையில் இருப்பது 1. சந்தேகம் இருந்தால் போர்டைத் திருப்பிப் பாருங்கள், 1-ஆம் பின்னின் ஈயத் திட்டு மட்டும் சதுரமாக இருக்கும்.

புரோகிராமால் இயக்கவோ படிக்கவோ முடிகிற பின்னுக்கு ஜிபிஐஓ என்று பெயர். இடது வரிசையில் 9-ஆம் பின் கிரவுண்டு. 11 ஜிபிஐஓ 17. 13 ஜிபிஐஓ 27. 15 ஜிபிஐஓ 22. அடுத்து 17-ஆம் பின் 3.3 வோல்ட். வலது வரிசையில் 2, 4 இரண்டும் 5 வோல்ட். 6, 14 இரண்டும் கிரவுண்டு.

எங்கள் சுற்றில் 11-ஆம் பின்னிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து எல்இடியின் நீளக் கால். குட்டைக் கால் 9-ஆம் பின்னுக்கு. சிவப்புப் பட்டனின் ஒரு பக்கம் 13-ஆம் பின்னுக்கு, கறுப்புப் பட்டனின் ஒரு பக்கம் 15-ஆம் பின்னுக்கு. இரண்டு பட்டன்களின் மறுபக்கமும் 14-ஆம் பின்னான கிரவுண்டுக்கு. பட்டன் பக்கம் எங்கேயும் 3.3 வோல்ட் வயர் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பட்டனை அழுத்தினால் பின் கிரவுண்டோடு சேரும், விட்டால் போர்டுக்குள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் அதை மேலே இழுத்துப் பிடிக்கும்.

உங்கள் சுற்று வேறாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் எந்த வயர் எந்தப் பின்னில் என்று இப்போதே தாளில் எழுதுங்கள், வயரின் நிறத்தையும் சேர்த்து. நினைவில் வைத்துச் சொருகியதுதான் என் அக்கா மகள் செய்த தவறு.

17 என்றால் எந்த 17?

அவளுடைய முதல் பழுது இது. இணையத்தில் எல்லோரும் சந்திக்கும் பழுதும் இதுதான்.

ஒவ்வொரு பின்னுக்கும் இரண்டு எண் உண்டு. வரிசையில் எத்தனையாவது என்பது ஒன்று, சிப்புக்குள் அதன் ஜிபிஐஓ எண் மற்றொன்று. ஜிபிஐஓ 17 இருப்பது 11-ஆம் பின்னில். 17-ஆம் பின்னில் இருப்பதோ 3.3 வோல்ட். புரோகிராமில் 17 என்று எழுதியிருப்பதைப் பார்த்து எல்இடி வயரை எண்ணிப் பதினேழாவது பின்னில் சொருகினால் என்ன ஆகும்? போர்டுக்குக் கரண்ட் வந்ததும் எல்இடி எரியும். எந்தப் புரோகிராமாலும் அதை அணைக்க முடியாது. "அணையவே மாட்டேங்குது" என்று அவள் சொன்னது இதைத்தான்.

பட்டன்களையும் அதே போல 27, 22 என்று எண்ணிச் சொருகியிருந்தாள். 27-ஆம் பின் மேலே மாட்டும் துணை போர்டுகளை அடையாளம் காண ஒதுக்கிய ஜிபிஐஓ 0. 22-ஆம் பின்னில் இருப்பது ஜிபிஐஓ 25. புரோகிராம் கவனித்துக்கொண்டிருந்த இரண்டு பின்களிலும் பட்டனே இல்லை. பட்டனில் குறை ஒன்றும் இல்லை, அதன் பேச்சைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

டெர்மினலில் 'பின்அவுட்' என்று அடித்தால் உங்கள் போர்டின் படமும் இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் வரும். அதைப் பார்த்தே சொருகுங்கள். நூலகம் என்பது பின்களை இயக்க ஏற்கெனவே எழுதி வைத்த பைத்தான் புரோகிராம் தொகுப்பு. பழைய ஆர்பிஐ ஜிபிஐஓ நூலகத்தில் எழுதுகிறவர்கள் தொடக்கத்தில் 'போர்டு', 'பிசிஎம்' என்ற இரண்டு முறைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். போர்டு என்றால் வரிசை எண், பிசிஎம் என்றால் ஜிபிஐஓ எண். 'ஜிபிஐஓ ஜீரோ' என்ற இன்னொரு நூலகத்தில் வெறும் எண்ணைக் கொடுத்தால் அது எப்போதும் ஜிபிஐஓ எண்தான்.

கைவைக்கும் முன்

வயரைப் பிடுங்குவதும் சொருகுவதும் போர்டை நிறுத்தி, கரண்டை எடுத்த பிறகு மட்டும். ராஸ்பெரி பையின் ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்டுக்கு மேல் தாங்காது. 5 வோல்ட் பின்னும் 3.3 வோல்ட் பின்னும் மேல் முனையிலேயே தோளோடு தோள் உரசி நிற்கின்றன. சில வருடங்களுக்கு முன் அவசரத்தில் நான் 1-இல் சொருக வேண்டிய வயரை 2-இல் சொருகினேன். புகையும் வரவில்லை, வாடையும் வரவில்லை. ஆனால் அந்த வயர் தொட்ட ஜிபிஐஓ பின் அன்றோடு செத்தது. அழுத்தினாலும் விட்டாலும் ஒரே பதில்தான் சொன்னது. அது தெரியாமல் இரண்டு இரவு புரோகிராமோடு மல்லுக்கட்டினேன். அதன் பிறகு 2, 4 இரண்டு பின்களின் மேலும் சின்ன இன்சுலேஷன் டேப் துண்டு ஒட்டாமல் வேலையைத் தொடங்குவதில்லை. நீங்களும் ஒட்டிவிடுங்கள்.

கரண்ட் சரியாக வருகிறதா என்பதையும் இங்கேயே பாருங்கள். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் கொடுக்கும் அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரும் நீளமான மெல்லிய கேபிளும் சேர்ந்தால் வோல்டேஜ் இறங்கும், திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரியும். பட்டறையில் தறி மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் மட்டும் இறங்கினால் போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகும். புரோகிராம் நின்றுபோனது போலத் தெரியும்.

எல்இடி பக்கம் மட்டும்

11-ஆம் பின்னில் இருக்கும் வயரைப் பிடுங்கி 1-ஆம் பின்னில், அதாவது 3.3 வோல்டில் சொருகுங்கள். ரெசிஸ்டர் அப்படியே வழியில் இருக்கட்டும். கரண்ட் கொடுங்கள். இங்கே புரோகிராமுக்கு வேலையே இல்லை. எல்இடி எரிந்தால் எல்இடி, ரெசிஸ்டர், பிரெட்போர்டு (இவற்றைச் சொருகியிருக்கும் துளைப் பலகை), கிரவுண்டு நான்கும் ஒரே நொடியில் தேறிவிட்டன.

எரியவில்லை என்றால் முதலில் எல்இடியைத் திருப்பிப் போடுங்கள். நீளக் கால் பாசிட்டிவ். காலை வெட்டியிருந்தால் விளிம்பைத் தடவிப் பாருங்கள், தட்டையாக இருக்கும் பக்கம் நெகட்டிவ். 3.3 வோல்டில் தலைகீழாகப் போட்டதால் எல்இடி கெடாது, பயப்பட வேண்டாம்.

அடுத்து ரெசிஸ்டர். 330 ஓம் என்றால் ஆரஞ்சு, ஆரஞ்சு, பிரவுன். நீல நிற உடம்போடு வரும் ஐந்து பட்டை ரெசிஸ்டரில் ஆரஞ்சு, ஆரஞ்சு, கறுப்பு, கறுப்பு. ஆரஞ்சையும் பிரவுனையும் டியூப்லைட் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். 330 ஓமுக்குப் பதில் 33 கிலோ ஓம் போட்டுவிட்டால் எல்இடிக்குக் கிடைப்பது 0.04 மில்லி ஆம்பியர். பகலில் அது எரிவதே தெரியாது. கையால் மறைத்து உற்றுப் பார்த்தால் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியும். கண்ணை நம்பாமல் மீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்துவிடுங்கள். கணக்கு எளிது: சிவப்பு எல்இடி 2 வோல்ட் போல எடுத்துக்கொள்ளும், மீதி 1.3 வோல்ட். அதை 330-ஆல் வகுத்தால் 4 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பின் அதிகபட்சம் 16 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கலாம் என்பதால் இது நிம்மதியான அளவு. நீலமும் வெள்ளையும் 3 வோல்ட் போல எடுத்துக்கொள்வதால் மங்கலாகத்தான் எரியும். பழுது தேடும்போது சிவப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

ரெசிஸ்டரும் சரி என்றால் பிரெட்போர்டு. நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்தில் ஓடும் சிவப்பு, நீல வரிசைகள் நடுவில் துண்டாகியிருக்கும். மேல் பாதியில் கிரவுண்டைக் கொடுத்துக் கீழ்ப் பாதியில் எல்இடியைச் சொருகினால் கரண்ட் போகாது. அச்சடித்த கோடும் அந்த இடத்தில் விட்டுப்போயிருந்தால் அதுதான் அடையாளம். மீட்டரைப் பஸ்ஸரில் வைத்து வரிசையின் இரண்டு முனையையும் தொடுங்கள். ஜம்பர் வயரையும் அப்படியே சோதியுங்கள், பிடித்து ஆட்டிக்கொண்டே. உள்ளே அறுந்த வயர் சும்மா இருக்கும்போது சத்தம் கொடுக்கும், ஆட்டினால் விட்டுவிடும்.

எரிந்ததா? இப்போது கரண்டை எடுத்து வயரை மறுபடி 11-க்கு மாற்றுங்கள். போர்டு ஓடத் தொடங்கியதும் ஒரே ஒரு கட்டளை. ராஸ்பெரி பையின் புதிய இயங்குதளத்தில் 'பின்கன்ட்ரோல்' இருக்கிறது. அடிக்கும்போது 'பின்' என்ற மூன்று எழுத்தோடு சி, டி, ஆர், எல் என்ற நான்கு எழுத்தை ஒட்டி அடிக்க வேண்டும். அதோடு 'செட் 17 ஓபி டிஹெச்' என்று கொடுத்தால் ஜிபிஐஓ 17 வெளியே 3.3 வோல்ட் தரும். கடைசியில் 'டிஎல்' என்றால் அணையும். இதில் எரிந்து அணைந்தால் எல்இடி பக்கம் முடிந்தது, இனிமேல் அதைத் தொடாதீர்கள். எரியவில்லை என்றால் 11-ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். 3.3 காட்டினால் வயர் பழுது. 0 காட்டினால் அந்தப் பின் போயிருக்கலாம், வேறு ஜிபிஐஓவுக்கு மாறுங்கள்.

பட்டன் பக்கம் மட்டும்

சின்னச் சதுரப் பட்டனுக்கு நான்கு கால். ஆனால் தொடர்பு இரண்டுதான். நான்கில் இரண்டிரண்டு கால்கள் உள்ளுக்குள் எப்போதும் சேர்ந்தே இருக்கும். பட்டனை 90 டிகிரி திருப்பிச் சொருகிவிட்டால் நீங்கள் இரண்டு தனிப் பக்கம் என்று நினைத்து வயர் கொடுத்த கால்கள் ஒரே பக்கமாக இருக்கும். அப்போது அழுத்தாமலே அழுத்தியது போல ஆகிவிடும். இதிலிருந்து தப்ப ஒரு வழி: எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டுக்கும் வயர் கொடுங்கள். எப்படித் திருப்பிச் சொருகினாலும் அந்த இரண்டும் வேறு வேறு பக்கமாகத்தான் இருக்கும்.

அக்கா மகளின் இரண்டாவது பழுது இதுதான். வயர்களை ஒழுங்காக மாற்றியதும் சிவப்புப் பட்டனுக்கு விளக்கு எரிந்தது, கறுப்புக்கு அணையவில்லை. கறுப்புப் பட்டன் திரும்பி உட்கார்ந்திருந்தது. புரோகிராமைப் பொறுத்தவரை அது தொடக்கத்திலிருந்தே அழுத்தப்பட்ட நிலையில் இருந்தது. அவள் எழுதியதோ 'புதிதாக அழுத்தும்போது' அணைக்கச் சொல்லி. ஏற்கெனவே அழுந்தியிருப்பதைப் புதிதாக எப்படி அழுத்துவது?

சோதனை இப்படி. போர்டில் கரண்ட் இல்லாமல், பட்டன் வயர்களைப் பின்னிலிருந்து எடுத்துவிட்டு மீட்டரின் பஸ்ஸரை அந்த இரண்டு வயர் முனையிலும் வையுங்கள். விட்டிருக்கும்போது அமைதி, அழுத்தினால் சத்தம். இருபது முறை அழுத்துங்கள், பத்தொன்பது முறை சத்தம் வந்தால் அந்தப் பட்டன் வேண்டாம். கால் வளைந்து பிரெட்போர்டுக்குள் முழுதாக இறங்காமல் இருக்கும் பட்டன்களும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். விரலால் ஓரமாக அழுத்தினால் ஒன்று, நடுவில் அழுத்தினால் ஒன்று என்று பேசும்.

இப்போது வயரை 13-இல் சொருகி, 'பின்கன்ட்ரோல் கெட் 27' என்று கேளுங்கள். பதில் வரியில் ஹை அல்லது லோ என்பதன் சுருக்கம் இருக்கும். இங்கே ஒரு பொறி உண்டு. போர்டு ஓடத் தொடங்கும்போது ஜிபிஐஓ 0 முதல் 8 வரை உள்ளுக்குள் மேலே இழுக்கப்பட்டிருக்கும், 9 முதல் 27 வரை கீழே இழுக்கப்பட்டிருக்கும். எங்கள் பட்டன்கள் 27-இலும் 22-இலும் இருப்பதால், புரோகிராம் ஓடாதபோது கேட்டால் அழுத்தினாலும் விட்டாலும் லோ என்றே சொல்லும். பட்டன் பழுது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 'செட் 27 ஐபி பியு' என்று புல்-அப் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். விட்டிருந்தால் ஹை, அழுத்தினால் லோ வர வேண்டும்.

மாறவே இல்லை என்றால் பட்டனை விட்டுவிட்டு, 13-ஆம் பின்னின் வயர் முனையை நேரே கிரவுண்டில் தொடுங்கள். இது கரண்ட் இருக்கும்போது செய்யும் சோதனைதான். பின் உள்ளீடாக இருக்கும்வரை ஆபத்து இல்லை, ஆனால் வயர் கிரவுண்டைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. இப்போது லோ வந்தால் பட்டனோ அதன் வயரோ பழுது. இதற்கும் வராவிட்டால் அந்தப் பின்தான் பழுது.

புல்-அப்பும் இல்லாமல் புல்-டவுனும் இல்லாமல் விட்டால் பின் தாழ்ப்பாள் இல்லாத கதவு போலக் காற்றடிக்கும் பக்கமெல்லாம் ஆடும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே எல்இடி மினுக்கும். 'யாரோ பேய் அழுத்துவது மாதிரி' என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் இதுதான்.

இப்போது புரோகிராம்

இரண்டு பக்கமும் தேறிய பிறகு மிச்சமிருக்கும் பழுதுகள் கைவிரலுக்குள் அடங்கும்.

பட்டன் கிரவுண்டுக்குப் போகிறது என்றால் அழுத்தும்போது வருவது லோ, அதாவது 0. '1 வந்தால் எரி' என்று எழுதியிருந்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும். ஜிபிஐஓ ஜீரோவின் பட்டன் வகை இந்தத் திருப்பலைத் தானே பார்த்துக்கொள்கிறது, புல்-அப்பையும் தானே கொடுக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதையே நான் சொல்வேன்.

அதில் எல்லோரும் ஒரு முறையாவது சறுக்கும் இடம் 'வென் பிரஸ்டு' வரி. பட்டன் அழுத்தும்போது செய்ய வேண்டிய வேலையின் பெயரை மட்டும் அங்கே கொடுக்க வேண்டும், பின்னால் அடைப்புக்குறி போடக் கூடாது. போட்டால் அந்த வேலை உடனே ஒரு தடவை நடந்து முடிந்துவிடும், பட்டனுக்கு எதுவும் மிஞ்சாது. புரோகிராம் தொடங்கியதும் எல்இடி தானாக எரிந்து, பிறகு பட்டன் எதற்கும் மசியாவிட்டால் அந்த அடைப்புக்குறியைத் தேடுங்கள்.

கடைசி வரியில் 'பாஸ்' என்ற காத்திருப்பு இல்லாவிட்டால் புரோகிராம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி முடிந்துவிடும். முடியும்போது பின்களையும் விடுவித்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, பட்டனும் வேலை செய்யாது.

'ஜிபிஐஓ பிஸி' என்ற செய்தி வந்தால் அதே பின்னை இன்னொரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது. முந்தைய ஓட்டத்தை நிறுத்தாமல் விட்டிருப்பீர்கள், அல்லது போர்டு ஓடத் தொடங்கும்போதே தானும் தொடங்கும்படி ஒரு பிரதியை வைத்துவிட்டு மறந்திருப்பீர்கள். பை 5 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: அதில் பின்களை ஆர்பி1 என்ற வேறு சிப் நடத்துகிறது. பழைய ஆர்பிஐ ஜிபிஐஓ நூலகம் அதில் ஓடாது. பழைய பாடங்களை அப்படியே அடித்துவிட்டு ஏன் வரவில்லை என்று உட்கார வேண்டாம்.

ஒரே பட்டனால் எரியவும் அணையவும் செய்கிறவர்களுக்குத் துள்ளல் தொல்லை உண்டு. உலோகத் தகடு உலோகத்தில் மோதும்போது சில மில்லி நொடி துள்ளித்தான் நிற்கும். போர்டுக்கு ஒரு அழுத்தம் நாலைந்தாகத் தெரியும். இரட்டைப்படையாக எண்ணினால் விளக்கு மாறாதது போல இருக்கும். பவுன்ஸ் டைம் என்ற இடத்தில் 0.05 நொடி கொடுத்தால் அடங்கும். அக்கா மகள் எரிக்க ஒன்று, அணைக்க ஒன்று என்று இரண்டு பட்டன் வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எரியச் சொல்லி ஐந்து முறை சொன்னாலும் எரியத்தானே போகிறது. துள்ளல் அங்கே பிரச்சினையே இல்லை.

மேசையில் ஓடியது பட்டறையில் ஏன் ஓடவில்லை

முதல் இரண்டு பழுதும் தீர்ந்தன. தறி நிற்கும்போது எல்லாம் சரி. மதியம் சாப்பாடு முடிந்து தறிகளை ஓட்டத் தொடங்கினார்கள். மூன்றாவது தறியின் ஸ்டார்ட்டர் 'டக்' என்று விழுந்ததும் மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தது. பட்டன் பக்கம் ஆளே இல்லை.

"மாமா, யாரும் அமுத்தலயே!"

கடைசித் தறியிலிருந்து மேசைக்குப் பன்னிரண்டு மீட்டர் வயர். அது மோட்டாருக்குப் போகும் கேபிளோடு ஒரே பைப்பில் ஓடியது. ஸ்டார்ட்டரின் காண்டாக்ட் சேரும்போதும் பிரியும்போதும் பொறி பறக்கும், அந்த அதிர்வு பக்கத்து வயரில் ஏறும். நீளமான வயர் ஏரியல் போல அதை வாங்கிக்கொள்ளும். அதை எதிர்த்து நிற்க வேண்டியது போர்டுக்குள் இருக்கும் புல்-அப். அதன் அளவு சுமார் 50 கிலோ ஓம். அந்தப் பிடியில் ஓடுவது 0.07 மில்லி ஆம்பியருக்கும் கீழே. மேசைமேல் ஒரு சாண் வயருக்கு அது போதும், பன்னிரண்டு மீட்டருக்குப் போதாது.

அன்று செய்ததைச் செய்த வரிசையிலேயே சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பலன் என்பது அப்போதுதான் தெரியும். முதலில் வயரை அந்தப் பைப்பிலிருந்து உருவி, எதிர்ச் சுவரோரமாகக் கொண்டுபோனோம். பட்டன் வயரையும் அதன் கிரவுண்டு வயரையும் கயிறு முறுக்குவது போல ஒன்றோடொன்று முறுக்கினோம். மோட்டார் கேபிளைக் கடந்தே ஆக வேண்டிய ஒரு இடத்தில் குறுக்காகக் கடக்கவிட்டோம். தானாக எரிவது பாதிக்கு மேல் குறைந்தது, நிற்கவில்லை.

பிறகு போர்டு பக்கம், பட்டன் வயருக்கும் 3.3 வோல்டுக்கும் நடுவில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தோம். பிடி 1.5 மில்லி ஆம்பியராக உயர்ந்தது. வயர் ஜிபிஐஓவைத் தொடும் முன் வழியில் ஒரு 1 கிலோ ஓம். ஜிபிஐஓவுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில், பின்னுக்கு எவ்வளவு பக்கம் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், 104 என்று அச்சடித்த 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். குட்டி அதிர்வுகளை அது விழுங்கிவிடும். கடைசியாகப் புரோகிராமில், அழுத்தம் 50 மில்லி நொடிக்கு மேல் நீடித்தால்தான் ஏற்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. மனுஷ விரல் அதற்கு மேல்தான் அழுத்தும், பொறி அவ்வளவு நேரம் நிற்காது.

இத்தனைக்கும் அடங்காத பட்டறைகள் உண்டு, வயர் இன்னும் நீளமாக இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே பிசி817 போன்ற ஆப்டோகப்ளர் வையுங்கள். பட்டன் பக்கம் தனியாக 12 வோல்ட் ஓடும், 1 கிலோ ஓம் வழியாக ஆப்டோகப்ளருக்குள் இருக்கும் எல்இடியை எரிக்கும். மறுபக்கத்து டிரான்சிஸ்டர் ஜிபிஐஓவைக் கிரவுண்டுக்கு இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் மட்டும்தான் கடக்கிறது, வயர் இல்லை. 12 வோல்டின் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் வைத்ததன் பலன் போய்விடும்.

பிரெட்போர்டைப் பட்டறையில் விட்டு வராதீர்கள். தறியின் அதிர்வுக்கு ஜம்பர் வயர்கள் மெல்ல மெல்ல மேலே ஏறி வெளியே வந்துவிடும். ஈயம் பற்றவைக்கும் தனித் துளை போர்டு ஒன்றில் எல்லாவற்றையும் பற்றவையுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைப்பவர்களைப் பாருங்கள், வளையம் சூடாகித் தானே பற்றை இழுத்துக்கொள்ளும்வரை பொறுப்பார்கள். இங்கேயும் காலும் திட்டும் சூடாகி ஈயத்தை இழுக்க வேண்டும். மேலே உருண்டையாக உட்கார்ந்திருக்கும் ஈயம் இன்றைக்குத் தொடும், நாளைக்கு விடும். பட்டனும் சதுரக் குட்டிப் பட்டனாக இருக்கக் கூடாது. நூல் தூசி உள்ளே போய்ப் படிந்துவிடும். பேனலில் மாட்டும் மூடிய பட்டன் வாங்குங்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு

மலையில் மோட்டார் இல்லை, பனி இருக்கிறது. நண்பர் ஒருவர் காப்பித் தோட்டத்து வீட்டில் கேட்டுக்குப் பட்டன், சமையலறையில் எல்இடி என்று இதே சுற்றை வைத்தார். வெயில் காலம் முழுக்கச் சரியாக இருந்தது. மழை பிடித்து, மூடுபனி வீட்டுக்குள்ளேயே புகத் தொடங்கியதும் விளக்கு அழுத்தாமலே எரிந்தது, சில நாள் அழுத்தினாலும் எரியவில்லை. பட்டனைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருந்தது.

ஈரம் படிந்த பட்டன் திறந்திருக்கும்போதும் கொஞ்சம் கரண்டைக் கசியவிடும். அந்தக் கசிவு 30 கிலோ ஓம் அளவுக்கு இருந்தால், உள் புல்-அப் 50 கிலோவோடு சேர்ந்து பின்னில் நிற்பது 1.2 வோல்ட் போல. பை 4-இல் 0.8-க்குக் கீழே இருந்தால் உறுதியாக லோ, 2-க்கு மேலே இருந்தால் உறுதியாக ஹை. 1.2 என்பது இரண்டும் இல்லாத நடுத்தெரு. அங்கே நிற்கும் பின் எந்தப் பக்கமும் சாயும். 2.2 கிலோ ஓம் வெளியே வைத்தால் அதே கசிவில் 3 வோல்டுக்கு மேல் நிற்கும். பட்டறையின் இரைச்சலுக்கு வைத்த அதே ரெசிஸ்டர் மலையின் ஈரத்துக்கும் பொருந்துகிறது. சந்தேகம் வந்தால் பட்டனை அழுத்தாமல் பின்னில் வோல்டேஜை அளந்து பாருங்கள். 3.3-க்குப் பக்கத்தில் இல்லை என்றால் கசிகிறது. கேட்டில் ரப்பர் மூடியோடு வரும் பட்டன் வையுங்கள், வயர் பெட்டிக்குள் நுழையும் துளை கீழ்ப் பக்கமாக இருக்கட்டும்.

கவரை மூடும் முன்

எல்லாத் தறியும் ஓட வேண்டும். ஒருவர் சிவப்புப் பட்டன் பக்கம், ஒருவர் மேசைப் பக்கம். இருபது முறை அழுத்தி இருபது முறை எரிகிறதா, இருபது முறை அணைகிறதா என்று கோடு கிழித்து எண்ணுங்கள். பிறகு பட்டனைத் தொடாமல் ஒவ்வொரு தறியையும் நிறுத்தி ஓட்டுங்கள். நாங்கள் எட்டுத் தறியையும் ஐந்தைந்து முறை நிறுத்தி ஓட்டினோம். மேஸ்திரி கண் எடுக்காமல் எல்இடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது முறையில் ஒரு முறைகூட எரியவில்லை. அக்கா மகள் பின் எண்களையும் வயர் நிறங்களையும் எழுதிய தாளை மடித்துப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினாள். அதன் பிறகுதான் ஸ்குரூவை முடுக்கினோம்.